கெட்டது பாட்டா, காதா?

பாப் டிலனின் பாட்டு வாழ்க்கையை யார் எழுதினாலும் 1979க்கு வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். துக்க வீட்டுக்குள் நுழைகிறவர்களின் குரல் அது. யூதக் குடும்பத்தில் ராபர்ட் ஸிம்மர்மனாகப் பிறந்து, ஒரு தலைமுறைக்கே கேள்வி கேட்கச் சொல்லிக்கொடுத்த மனிதர் திடீரென்று இயேசுவை ஏற்றுக்கொண்டார், பாட்டை விட்டுவிட்டுப் பிரசங்கத்தில் இறங்கினார், ரசிகர்களைக் கைகழுவினார், நல்லவேளையாக 1983இல் 'இன்ஃபிடல்ஸ்' இசைத்தட்டோடு புத்தி தெளிந்து வீடு திரும்பினார். இதுதான் வழக்கமான கதை. கச்சிதமான கதை என்பதால்தான் இத்தனை நாள் ஓடுகிறது. மதம் மாறினார், அதனால் பாட்டு கெட்டது. மதத்தை விட்டார், அதனால் பாட்டு தேறியது. இந்த இரண்டு 'அதனால்'களும் பொய். அந்த மூன்று வருடப் பாட்டுகளில் நல்லதும் உண்டு, சுமாரும் உண்டு, மோசமும் உண்டு. ஆனால் எது நல்லது, எது மோசம் என்பதை அவருடைய விசுவாசம் தீர்மானிக்கவில்லை. அதைத் தீர்மானித்தவை எல்லா இசைத்தட்டுகளுக்கும் பொதுவான சங்கதிகள்: யார் வாசித்தார்கள், எத்தனை நாள் உழைத்தார்கள், பாடகரின் குரல் அன்றைக்கு எப்படி இருந்தது.

நடந்தது என்ன என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1977இல் மணவாழ்க்கை முறிந்தது. அடுத்த ஆண்டு வெளிவந்த அவருடைய 'ரெனால்டோ அண்ட் கிளாரா' என்ற நான்கு மணி நேரப் படம் மண்ணைக் கவ்வியது. 1978 நவம்பரில், நீண்ட உலகச் சுற்றுப்பயணம் முடியப்போகிற நேரத்தில், சான் டியேகோ மேடையில் யாரோ வீசிய ஒரு சின்ன வெள்ளிச் சிலுவையைக் குனிந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். ஓராண்டு கழித்து அதே ஊர் மேடையில் அவரே சொன்ன விவரம் இது. அடுத்த சில நாட்களில் அரிசோனாவில், ஓர் ஓட்டல் அறையில், இயேசு தன்னோடு இருப்பதை உணர்ந்ததாகச் சொன்னார். 1979 தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் 'வைன்யார்ட்' சபை நடத்திய வேதாகம வகுப்பில் மற்ற மாணவர்களோடு உட்கார்ந்து சில மாதம் பாடம் கேட்டார். விளம்பரத்துக்காகச் செய்தார் என்று அப்போதே சிலர் சொன்னார்கள். விளம்பரம் தேடுகிற ஆள் காலை நேர வகுப்பில் பல வாரம் போய் உட்கார மாட்டார். அதை விட்டுவிடலாம்.

இனி முக்கியமான சாட்சியம். 1979 ஏப்ரல் கடைசியில் டிலன் அலபாமாவில் உள்ள மஸ்ஸில் ஷோல்ஸ் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனார். தயாரிப்பாளர்கள் ஜெர்ரி வெக்ஸ்லர், பாரி பெக்கெட். கிட்டார் மார்க் நாஃப்ளர். டிரம்ஸும் அவருடைய 'டயர் ஸ்ட்ரெய்ட்ஸ்' குழுவிலிருந்தே வந்தது. மே மாதம் இரண்டாவது வாரத்துக்குள் வேலை முடிந்து, ஆகஸ்டில் 'ஸ்லோ டிரெய்ன் கமிங்' வெளிவந்தது. அமெரிக்கப் பட்டியலில் மூன்றாம் இடம், பிரிட்டனில் இரண்டாம் இடம். 'காட்டா சர்வ் சம்படி' பாட்டுக்கு 1980இல் கிராமி விருது. ரசிகர்கள் கூண்டோடு வெளியேறினார்கள் என்கிற கதைக்கு இந்த எண்களே முதல் இடைஞ்சல். சுத்தமாக, சூடாக, வேண்டிய இடத்தில் இடைவெளி விட்டு ஒலிக்கிற தட்டு அது. நாஃப்ளரின் கிட்டார் டிலன் வாக்கியத்தை முடிக்கும் வரை காத்திருந்து, மூச்சு விடுகிற இடத்தில் மட்டும் இரண்டு சுரம் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். கடைசிப் பாட்டான 'வென் ஹி ரிட்டர்ன்ஸி'ல் பெக்கெட்டின் பியானோ ஒன்றே துணை. அந்தக் குரல் எட்டாத உயரத்துக்குக் கை நீட்டுகிறது, கீறுகிறது, பிறகும் நீட்டுகிறது. டிலனுக்குப் பாட வராது என்கிறவர்களின் வாயை அடைக்க நான் எடுத்து வைப்பது இந்தப் பாட்டைத்தான்.

ஒன்பது மாதம் கழித்து, 1980 பிப்ரவரியில், அதே கூடம், அதே இரண்டு தயாரிப்பாளர்கள், அதே விசுவாசம். இந்த முறை ஐந்தே நாள். வெளிவந்த 'சேவ்ட்' அமெரிக்காவில் இருபத்து நான்காம் இடத்தோடு நின்றது. கேட்டால் காரணம் தெரியும். எல்லா வாத்தியமும் ஒரே கனத்தில் குழம்பியிருக்கின்றன; பாடகர் களைத்திருக்கிறார். மாதக்கணக்கில் மேடை மேடையாகப் பாடி வந்த பாட்டுகளை, குளிர்காலப் பயணம் முடிந்த கையோடு, அவசரமாகத் தட்டில் ஏற்றியதன் விளைவு. விசுவாசம்தான் கலையைக் கொன்றது என்றால் 'ஸ்லோ டிரெய்ன்' எப்படிப் பிழைத்தது? விசுவாசம்தான் கலையை வாழவைத்தது என்று சபைக்காரர்கள் சொன்னால், 'சேவ்ட்' ஏன் நொண்டியது? இன்னும் ஒரு படி மேலே போகலாம். 'சேவ்ட்' தட்டில் நொண்டுகிற அதே பாட்டுகள் மேடையில் நொண்டவில்லை. 1980 ஏப்ரலில் டொரொண்டோவின் மாஸ்ஸி ஹாலில் படமாக்கப்பட்ட கச்சேரியில் 'சாலிட் ராக்' பாறை உருண்டு வருகிற மாதிரி வருகிறது. 'வாட் கேன் ஐ டூ ஃபார் யூ' பாட்டின் கடைசியில் டிலன் மவுத் ஆர்கனை வாயில் வைக்கிறார். சொல் முடிந்த இடத்திலிருந்து மூச்சு மட்டும் கெஞ்சத் தொடங்குகிறது. சுரம் மேலே ஏறி, உடைந்து, உடைந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் நிற்கிறது. பின்னால் ஜிம் கெல்ட்னரின் டிரம்ஸ், ஸ்பூனர் ஓல்டமின் கீபோர்டு, கறுப்பினப் பெண்களின் கோரஸ். பாட்டு அதே, நம்பிக்கை அதே, பாடுகிறவரும் அதே. மாறியது பதிவு மட்டும்தான்.

இங்கே வெக்ஸ்லரைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் யூதர், ஊரறிந்த நாத்திகர். ஒலிப்பதிவின்போது டிலன் அவரிடமே நற்செய்தி சொல்லிப் பார்த்தார். வெக்ஸ்லர் அந்தப் பருப்பு தன்னிடம் வேகாது என்று கைவிரித்துவிட்டு வேலையைப் பார்த்தார். 1972இல் அரீதா ஃபிராங்ளின் லாஸ் ஏஞ்சலிஸ் பாப்டிஸ்ட் தேவாலயத்தில் பாடிப் பதிவான 'அமேசிங் கிரேஸ்' தட்டின் தயாரிப்பாளர்களிலும் அவர் ஒருவர். அரீதாவின் அந்தத் தட்டை வீட்டில் வைத்துப் போற்றியவர்களில் பாதிப்பேருக்கு மேல் தேவாலயப் பக்கமே போகாதவர்களாக இருப்பார்கள் என்று தைரியமாகச் சொல்லலாம். அவர்கள் யாரும் 'இவர் ஏன் இயேசுவைப் பற்றிப் பாடுகிறார்' என்று அரீதாவிடம் கேட்கவில்லை. கறுப்பினப் பெண் தேவனைப் பாடினால் அது மரபு, ஆன்மா, கண்ணீர்; மின்னசோட்டாவிலிருந்து வந்த வெள்ளைத் தோல் கவிஞர் பாடினால் மூளைச்சலவை. இந்த இரட்டைத் தராசைக் கையில் வைத்துக்கொண்டு, நாங்கள் இசையை மட்டும்தான் எடை போடுகிறோம் என்று சொல்ல முடியாது. அந்த நாத்திகக் கிழவர் இரண்டையும் ஒரே காதால் கேட்டார். கூட்டத்துக்கு அது முடியவில்லை.

'எங்கள் சண்டை மதத்தோடு அல்ல, பிரசங்கத்தோடு' என்பது இதற்கு வருகிற மறுமொழி. கேள்வி கேட்டவர் பதில் சொல்லத் தொடங்கிவிட்டார், உலகத்தை நாங்கள், அவர்கள் என்று இரண்டாகப் பிரித்துவிட்டார் என்கிறார்கள். இதில் உண்மை உண்டு, மறைத்துப் பயனில்லை. 'ஸ்லோ டிரெய்ன்' தலைப்புப் பாட்டில் அரபு எண்ணெய் முதலாளிகளைப் பற்றி வருகிற வரிகள் மட்டமானவை. ஹால் லிண்ட்ஸியின் கடைசிக்காலப் புத்தகத்தைப் படித்துவிட்டு மேடையில் ரஷ்யாவையும் மத்தியக் கிழக்கையும் வைத்து அவர் சொன்ன யுத்த ஜோசியம் எதுவும் இன்றைக்குக் காதுகொடுத்துக் கேட்கிற மாதிரி இல்லை. 1979 நவம்பரில் அரிசோனாவின் டெம்பியில் மாணவர்கள் ராக் பாடச் சொல்லிக் கத்தியபோது, அவர் பாட்டை நிறுத்திவிட்டு அவர்களை நெடுநேரம் கண்டித்தார். இவை பலவீனங்கள். ஆனால் டிலன் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பிரசங்கம் செய்தார் என்பது எப்படிச் சரியாகும்? 1963இல் வந்த 'மாஸ்டர்ஸ் ஆஃப் வார்' என்ன? ஆயுத வியாபாரிகளின் சாவை வெளிப்படையாக விரும்பி, இயேசுகூட அவர்களை மன்னிக்க மாட்டார் என்று தீர்ப்பும் சொல்கிற பாட்டு அது. அதில் எந்தக் கேள்விக்குறி இருக்கிறது? 'தி டைம்ஸ் தே ஆர் எ-சேஞ்சின்' வழிவிடு, இல்லாவிட்டால் மூழ்குவாய் என்று பெற்றோரையும் அரசியல்வாதிகளையும் மிரட்டுகிற பாட்டு; அதன் முடிவே நற்செய்தி நூலின் சொல்வழக்கில்தான் இருக்கிறது. அந்தப் பிரசங்கங்களுக்கு மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. ஏனென்றால் திட்டு வாங்கியவர்கள் வெளியே இருந்தார்கள். 1979இல் விரல் நாற்காலிகளின் பக்கம் திரும்பியது. அப்போதுதான் பிரசங்கம் கலைக்கு விரோதம் என்கிற கொள்கை பிறந்தது.

பதில்களே இருந்தன, சந்தேகமே இல்லை என்பதும் சரியான வாசிப்பு அல்ல. 'ஐ பிலீவ் இன் யூ' வெற்றி கண்டவனின் பாட்டா? நம்பியதற்காக நண்பர்களின் வாசலிலிருந்து துரத்தப்பட்டவன், தன் பிடி நழுவிவிடக் கூடாதே என்று கெஞ்சுகிற பாட்டு அது. குரல் சில இடங்களில் சுருதியைத் தொட முடியாமல் நடுங்குகிறது. அதைத் திருத்தாமல் விட்டிருக்கிறார்கள். 1981இல் 'ஷாட் ஆஃப் லவ்' தட்டின் கடைசியில் வருகிற 'எவ்ரி கிரெய்ன் ஆஃப் சேண்ட்' பாட்டில் கடல் அலைபோல வருகிற காலடிச் சத்தத்துக்குத் திரும்பிப் பார்க்கிறவன், சில சமயம் அங்கே ஒருவர் இருக்கிறார், சில சமயம் தான் மட்டும்தான் என்று ஒப்புக்கொள்கிறான். விசுவாசி எழுதிய வரி இது. சந்தேகம் நாத்திகனின் தனிச்சொத்து அல்ல. விசுவாசி அளவுக்கு அதில் புழங்குகிறவர் குறைவு.

இன்னொரு வாதம் பரிவு வேஷம் போட்டு வரும். பாவம், மனைவி பிரிந்து, படம் தோற்று, உடைந்து போயிருந்தார். உடைந்த மனிதனைச் சபை பிடித்துக்கொண்டது என்பார்கள். இருக்கலாம். அதே திருமணம் விரிசல் கண்ட நாட்களில் எழுதப்பட்டதாக எல்லோரும் சொல்கிற 'பிளட் ஆன் தி டிராக்ஸ்' 1975இல் வந்தது; டிலனின் மிகச் சிறந்த தட்டு என்று அதைக் கொண்டாடுகிறார்கள். துயரத்திலிருந்து காதல் பாட்டு பிறந்தால் மேதைமை, தோத்திரப் பாட்டு பிறந்தால் மனநோய் என்கிற மருத்துவம் எந்தப் பள்ளியில் கற்றது? எங்கிருந்து வந்தது என்பது ஒரு பாட்டின் தரத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. அந்தக் கேள்வியைக் காதல் பாட்டிடம் கேட்காதவர்கள் இங்கேயும் கேட்காமல் இருப்பதுதான் நியாயம்.

துரோகம் என்ற குற்றச்சாட்டுக்கு ஒரு முன்கதை உண்டு. ரசிகர்களே பெருமையோடு சொல்கிற கதை. 1966 மே 17 அன்று மான்செஸ்டர் ஃப்ரீ டிரேட் ஹாலில், டிலன் மின்சாரக் கிட்டாரோடு நின்றபோது, கூட்டத்திலிருந்து ஒருவர் 'யூதாஸ்!' என்று கத்தினார். உன்னை நான் நம்பவில்லை என்று டிலன் பதில் சொல்லிவிட்டு, குழுவிடம் இன்னும் உரக்க வாசிக்கச் சொன்னார். நாட்டுப்புறப் பாட்டின் புனிதத்தைக் கெடுத்தார் என்பது அந்தக் குரலின் கோபம். அன்றைக்குக் கத்தியவர்தான் முட்டாள், டிலன்தான் சரி என்பது பின்னால் டிலன் ரசிகர்களின் அரிச்சுவடியே ஆகிவிட்டது. அந்த அரிச்சுவடியைப் படித்தவர்கள்தான் 1979 நவம்பர் 1 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவின் வார்ஃபீல்ட் அரங்கில் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் கோரஸ் பாடகி ரெஜினா மெக்ரேரி வந்து, காசில்லாமல் ரயிலேறப் போன ஒரு கிழவியின் கதையைச் சொன்னார். பிறகு பெண்கள் தேவாலயப் பாட்டுகள் பாடினார்கள். பிறகு டிலன் வந்து புதுப் பாட்டு மட்டுமே பாடினார். பழசில் ஒன்றுகூட இல்லை. கூச்சல் எழுந்தது, சிலர் எழுந்து போனார்கள், மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகைகள் கிழித்துப் போட்டன. பதினான்கு இரவும் அவர் அதையேதான் செய்தார். ஒரே மனிதர், ஒரே பிடிவாதம். 1966இல் அதன் பெயர் துணிச்சல், 1979இல் அதன் பெயர் வெறி. இந்த இரைச்சலில் ஜான் லெனனும் சேர்ந்துகொண்டு, 'காட்டா சர்வ் சம்படி'யைக் கிண்டல் செய்து 'சர்வ் யுவர்செல்ஃப்' என்று வீட்டில் ஒரு பாட்டைப் பதிவு செய்தார். இயேசுவைப் பற்றி ஒரு வாக்கியம் சொன்னதற்காக 1966இல் அமெரிக்கத் தெற்கில் யாருடைய தட்டுகள் கொளுத்தப்பட்டனவோ, அதே லெனன்.

டிக்கெட் வாங்கியவர்கள் ஏமாந்தார்கள் என்பதை நான் ஒதுக்கமாட்டேன். பழைய பாட்டை எதிர்பார்த்துப் பணம் கொடுத்தவர் முணுமுணுக்கலாம், எழுந்து போகலாம். பிடிக்கவில்லை என்று சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு. 'நீ யாராக இருக்க வேண்டும் என்று எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாய்' என்று சொல்ல மட்டும் உரிமை இல்லை. அப்படி ஒரு வாக்கை டிலன் எப்போதும் கொடுக்கவில்லை. தலைமுறையின் குரல் என்கிற பட்டத்தை அறுபதுகளிலிருந்தே உதறிக்கொண்டிருந்தவர் அவர். யூத வாசகர்களின், கேட்பவர்களின் வலி இதிலிருந்து வேறு. யூதப் பேரழிவு முடிந்து முப்பத்து நான்கே வருடம் ஆகியிருந்தபோது, தங்களில் ஒருவர் மேடையேறிக் கிறிஸ்துவைப் பிரசங்கிப்பதைப் பார்த்தவர்களுக்கு அது வெறும் ரசனைப் பிரச்சினை அல்ல. நூற்றாண்டுகளாகக் கட்டாய ஞானஸ்நானத்தின் நினைவைச் சுமக்கிற சமூகம் அது. அந்த வருத்தத்தை நான் மறுக்கவில்லை. அந்த வருத்தத்தை இரவல் வாங்கித் தன் எரிச்சலுக்குப் போர்வையாகப் போட்டுக்கொண்ட ராக் விமரிசனத்தைத்தான் மறுக்கிறேன்.

திரும்பி வந்துவிட்டார் என்பதே அது ஒரு வழிதவறல் என்பதற்குச் சாட்சி, என்பது கடைசி வாதம். எங்கே போனார், எங்கே திரும்பினார்? 1962இல் வந்த முதல் தட்டிலேயே 'காஸ்பெல் பிளவ்' இருக்கிறது. சாவும் தேவனும் இருக்கிறார்கள். 1967இன் 'ஜான் வெஸ்லி ஹார்டிங்' முழுக்க வேதாகம வாசனை. 'ஆல் அலாங் தி வாட்ச்டவர்' ஏசாயாவின் காவற்கோபுரத்திலிருந்து இறங்கி வந்த பாட்டு. 1980 நவம்பரில், அதே வார்ஃபீல்டில், பழைய பாட்டுகள் மறுபடி சேர்ந்தன, புதியவை போய்விடவில்லை. மேடையில் பிரசங்கம் நின்றது, சபை வகுப்பு நின்றது, பாட்டுகள் நிற்கவில்லை. 1997இல் பொலோனியாவில் போப் இரண்டாம் ஜான் பால் முன்னிலையில் பாடினார். பாடகி மேவிஸ் ஸ்டேப்பிள்ஸோடு சேர்ந்து 'ஸ்லோ டிரெய்ன்' தட்டின் ஒரு பாட்டை அவர் மறுபடி பாடிய பதிவு 2003இல் வெளிவந்தது. நோபல் பரிசுக்குப் பிறகு, எண்பது வயதைத் தாண்டி, 2021இல் தொடங்கிய சுற்றுப்பயணத்தில் இரவுக்கு இரவு 'காட்டா சர்வ் சம்படி' பாடினார். கச்சேரியை முடிக்க அவர் தேர்ந்த பாட்டு 'எவ்ரி கிரெய்ன் ஆஃப் சேண்ட்'. வீட்டைவிட்டு ஓடிப்போய்த் திரும்பியவர் ஓடிப்போன நாட்களின் பாட்டை மங்களமாகப் பாடுவாரா?

2017இல் அந்த வருடங்களின் மேடைப் பதிவுகள் 'டிரபிள் நோ மோர்' என்று எட்டுத் தட்டுகளாக வெளிவந்தபோது, பத்திரிகைகள் ஒன்றன்பின் ஒன்றாக மனம் மாறின. தாமதமானாலும் நல்லதுதான். ஆனால் அந்தப் பாராட்டுகளில் 'மதத்தையும் மீறி' என்கிற தொடர் ஒட்டிக்கொண்டே வந்தது. மீறுவதற்கு அங்கே வேலியே இல்லை. சாராயத்தைப் பாடுகிற புளூஸ் பாட்டைக் கேட்க நாம் குடிகாரராக வேண்டியதில்லை. கடலோடியின் பாட்டைக் கேட்கக் கப்பல் ஏற வேண்டியதில்லை. தோத்திரப் பாட்டுக்கு மட்டும் ஏன் வாசலிலேயே அடையாள அட்டை கேட்கிறோம்?

1992 அக்டோபர் 16 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் டிலனின் முப்பதாண்டு விழா. பாடகி ஷினேட் ஓ'கானர் மேடையேறினார். இரண்டு வாரத்துக்குச் சற்றுக் குறைவான நாட்களுக்கு முன்புதான், திருச்சபைக்குள் குழந்தைகளுக்கு நடந்த கொடுமையைக் கண்டித்து, தொலைக்காட்சியில் போப்பின் படத்தைக் கிழித்திருந்தார். கைதட்டலும் ஊளையும் கலந்து எழுந்து, ஊளை அடங்கவே இல்லை. அவர் பாட வந்திருந்தது 'ஸ்லோ டிரெய்ன் கமிங்' தட்டிலிருந்து 'ஐ பிலீவ் இன் யூ'. குழு முன்னிசையைத் தொடங்கியது. ஓ'கானர் கையைக் காட்டி நிறுத்தினார், மறுபடி தொடங்கினார்கள், மறுபடி நிறுத்தினார். பிறகு மைக்கின் ஒலியைக் கூட்டச் சொல்லிவிட்டு, வாத்தியம் எதுவும் இல்லாமல், பாப் மார்லியின் 'வார்' பாட்டைக் கூச்சலுக்கு மேல் கத்திப் பாடிவிட்டு இறங்கினார். நம்பியதற்காகத் துரத்தப்பட்டவனின் பாட்டு அன்றைக்கு அந்த மேடையில் பாடப்படவில்லை.